பாட்டிலில் இருந்தது தண்ணீர் இல்லை: சுருங்கிப்போன உணவுக்குழாயின் கதை

நம்ம ஊர்ல ஒருத்தர் துக்கத்துல இருந்தா, "அவருக்குச் சோறு இறங்கலை"ன்னு சொல்வோம். மனசு கனத்தா தொண்டை அடைக்கும்னு எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு எபிசோட், அந்த வார்த்தை உடம்புல அப்படியே நிஜமாகிப்போனவங்களைப் பத்தினது. பசி இருக்கு. தட்டுல சோறு இருக்கு. வாயில போட்டு மென்னாச்சு. ஆனா கீழே போக வழி இல்லை. உணவுக்குழாய் சுருங்கிப்போச்சு.

வரலாற்று பாட்காஸ்ட்ல நோயைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்கலாம். இந்த நோய்க்கு உண்மையிலேயே ஒரு வரலாறு இருக்கு. உப்பில் ஆரம்பிச்சு, ஒரு மலிவான பாட்டில் வழியா, அமெரிக்க டாக்டர் ஒருத்தர், சண்டிகர் டாக்டர்கள், இரண்டு சட்டங்கள்னு சுத்திட்டு, கடைசியில நம்ம கும்மிடிப்பூண்டி ரயில் பாதைக்கு வந்து நிக்கும் கதை இது.

முதல்ல குழாயைப் பார்த்துடுவோம். பெரியவர்களுக்கு உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். சும்மா இருக்கும்போது தட்டையா ஒட்டிக்கிடக்கும். கவளம் வரும்போது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விரிஞ்சு கொடுக்கும். அந்த விரியும் தன்மைதான் அதன் உயிர். உள்சுவர் ஆழமா வெந்து புண்ணாகி ஆறும்போது, அங்கே தழும்பு உண்டாகும். தீக்காயம் பட்ட தோல் இழுத்துப் பிடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதே இழுப்பு ஒரு குழாயின் சுற்றளவு முழுக்க நடந்தா, குழாய் நூல் அளவுக்கு இறுகிடும்.

உள்விட்டம் சுமார் 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனா கெட்டியான சாப்பாடு சிக்க ஆரம்பிக்கும். முதல்ல கறி, புரோட்டா. அப்புறம் சோறு. அப்புறம் இட்லியையே சாம்பார்ல கரைச்சுக் குடிக்கணும். அப்புறம் கஞ்சி மட்டும். கடைசியில எச்சில்கூட இறங்காம துப்பிக்கிட்டே இருக்கணும்.

இந்தச் சுருக்கத்துக்குக் காரணங்கள் பல. பல வருஷமா நெஞ்செரிச்சலைக் கவனிக்காம விட்டாலும் வரும். புற்றுநோயாலும் வரும். அதனால நடுவயசுல யாருக்காவது திடீர்னு சாப்பாடு சிக்க ஆரம்பிச்சா, "வாயு"ன்னு சோடா குடிச்சுச் சமாளிக்காம எண்டோஸ்கோப்பி பார்த்துடணும். ஆனா இன்னிக்கு நம்ம கதை, ஒரே ஒரு வாய் திரவத்தால் வந்த சுருக்கம்.

ஒரே உப்பு, இரண்டு விஷம்

உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினா மூணு பொருள் கிடைக்கும். காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன். சோப்பு, காகிதம், துணி ஆலைகளுக்குக் காஸ்டிக் சோடா வேணும். கூடவே வரும் குளோரினை என்ன செய்யறது? ஒரு வழி, அதை ஹைட்ரஜனோட சேர்த்து எரிச்சுத் தண்ணீரில் கரைக்கிறது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கிடைக்கும். ஒரு பக்கம் கடும் காரம், இன்னொரு பக்கம் கடும் அமிலம். இரண்டுக்கும் தாய் அதே உப்புதான்.

இரண்டுமே ஆலையை விட்டு வெளியே வந்து வீட்டுக்குள்ள நுழைஞ்சது. எந்த நாட்டில் எது நுழைஞ்சது என்பதில்தான் வித்தியாசம். அமெரிக்காவில் காரம் நுழைஞ்சது. நம்ம நாட்டில் அமிலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில் அமெரிக்க வீடுகளில் "லை" அப்படின்னு ஒரு பொருள் சாதாரணமா இருக்கும். நம்ம காஸ்டிக் சோடாதான். சோப்பு காய்ச்ச, தரை கழுவ, அடைச்ச சாக்கடையைத் திறக்க எல்லாத்துக்கும் அதுதான். மளிகைக்கடை டப்பாவில் வெள்ளையா, சர்க்கரை மாதிரி இருக்கும். குழந்தைகள் எடுத்து வாயில போட்டாங்க.

பிட்ஸ்பர்க் நகரத்தில் செவாலியே ஜாக்சன்னு ஒரு டாக்டர். பிறந்தது 1865. வெளிச்சம் பொருத்தின குழாயைத் தொண்டை வழியா விட்டு உள்ளே பார்க்கும் வித்தையை வளர்த்தெடுத்தவர். மக்கள் விழுங்கின ஊசி, பொத்தான், நாணயம்னு அவர் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இன்னிக்கும் பிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கு. அவரிடம் லை குடிச்ச குழந்தைகள் வரிசையா வந்தாங்க. தண்ணீர்கூட இறங்காத நிலையில் வந்த ஒரு சிறுமியைப் பத்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கார். சுருங்கின இடத்தில் அடைச்சிருந்ததை அவர் எடுத்த பிறகு, அந்தப் பிள்ளை முதல்முறையா ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிச்சுது.

ஜாக்சனுடைய பெருமை அதோட நிக்கலை. ஒரு குழந்தையைக் காப்பாத்தினா அடுத்த வாரம் இன்னொண்ணு வரும், குழாயை விரிச்சு விரிச்சு இது தீராதுன்னு அவருக்குப் புரிஞ்சது. டப்பாவில் "விஷம்"னு எழுதணும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதுக்காகப் பல வருஷம் அலைஞ்சார், மருத்துவச் சங்கங்களையும் அரசியல்வாதிகளையும் பார்த்தார். 1927-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் லை, ஆசிட் டப்பாக்களில் பொருளின் பெயர், தயாரிப்பவர் அல்லது விற்பவர் முகவரி, பெரிய எழுத்தில் விஷம் என்ற சொல், தவறுதலாகப் பட்டால் என்ன செய்யணும் என்ற குறிப்பு இத்தனையும் இருக்கணும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தா அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். 1970-ல் இன்னொரு சட்டம் வந்து, குழந்தை கையால் திறக்க முடியாத மூடிகள் வந்தன.

ஒரு அறுவை சிகிச்சை நிபுணர், தன் கத்தியை விட லேபிள் வலிமையானதுன்னு முடிவு பண்ணினார். இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

நக்கும், கடிக்கும்

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். இங்கே கழிப்பறை கழுவ, தரை ஓட்டின் உப்புக்கறை போக்க, மலிவா கிடைச்சது ஆசிட். "ஆசிட், பினாயில்"னு தெருவில் வண்டியில் குரல் கொடுத்து வர்றவங்களைக் கேட்காத தமிழ்நாட்டுத் தெரு இருக்குமா?

ஆனா நம்ம டாக்டர்கள் படிச்ச புத்தகங்கள் காரத்தின் நாட்டில் எழுதப்பட்டவை. அதில் ஒரு வாசகம் பழமொழி மாதிரி ஓடிக்கிட்டு இருந்தது. ஆசிட் உணவுக்குழாயை நக்கிட்டுப் போகும், இரைப்பையைத்தான் கடிக்கும் என்பது அதன் சாரம். அதுக்கு ஒரு விளக்கமும் உண்டு. காரம் திசுவைக் கரைச்சுக்கிட்டே ஆழமாப் போகும். அமிலம் திசுவை உறைய வைக்கும், அந்த உறைஞ்ச பொருக்கே ஒரு தடுப்பா நிக்கும். அதோட அமிலம் தண்ணி மாதிரி வேகமா இறங்கிடும், உணவுக்குழாயில் தங்காது.

கேட்க நல்லா இருக்கு. நிஜமான்னு யார் பார்த்தது?

சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் ஷவ்கத் அலி ஸர்கர், ராகேஷ் கோச்சர் ஆகியோர் இருந்த குழு பார்த்தது. ஆசிட் குடித்து வந்த 41 பேருக்கு ஆரம்பத்திலேயே எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து 1989-ல் வெளியிட்டாங்க. இரைப்பையில் காயம் இருந்தது எதிர்பார்த்ததுதான். ஆனா பத்தில் எட்டு பேருக்கு மேல் உணவுக்குழாயிலும் காயம் இருந்தது. சிலருக்கு அதையும் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கம் வரைக்கும். ஆசிட் இரண்டையுமே கடிக்குது. ஒரு பழமொழி அங்கே உடைஞ்சது.

இரண்டு வருஷம் கழித்து, 1991-ல், அதே குழு இன்னொரு காரியம் பண்ணினாங்க. காயத்தைப் படிநிலையாப் பிரிச்சாங்க. வெறும் சிவப்பும் வீக்கமும் இருந்தா முதல் நிலை. மேலோட்டமான புண் இரண்டு ஏ. ஆழமான அல்லது குழாயைச் சுத்தி வளைச்ச புண் இரண்டு பி. திசு கருகிச் செத்திருந்தா மூன்று. இரண்டு ஏ வரைக்கும் உள்ளவங்க பெரும்பாலும் சேதமில்லாம மீள்வாங்க. இரண்டு பி-யில் பெரும்பாலானவங்களுக்கும், மூன்றில் உயிர் பிழைச்சவங்களுக்கும் சுருக்கம் வரும். இன்னிக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒருத்தர் ஆசிட் குடிச்சு வந்தாலும் டாக்டர்கள் கேட்கும் கேள்வி, "ஸர்கர் கிரேடு என்ன?" காஷ்மீரில் இருந்து வந்த ஒரு இந்திய டாக்டரின் பெயர் உலக அளவுகோலா மாறினது, இங்கே நோயாளிகள் அவ்வளவு பேர் இருந்ததால்தான். அந்தப் பெருமைக்குள்ள ஒரு வலி இருக்கு.

புதுச்சேரி ஜிப்மரிலும் இதே அனுபவம். அனந்தகிருஷ்ணன், விக்ரம் காட்டே இருந்த அறுவை சிகிச்சைக் குழு, இப்படி வெந்துபோன இரைப்பைகளைப் பற்றி முப்பது வருஷ அனுபவத்தைத் தொகுத்து 2011-ல் வெளியிட்டது. ஒரே ஒரு துறை. முப்பது வருஷம். நின்னு போகாத வரிசை.

மெழுகுவர்த்தியும் கஞ்சித் தொட்டியும்

இந்தக் காயத்தில் ஏமாத்து வேலை ஒண்ணு இருக்கு. முதல் சில நாள் பயங்கர வலி. அப்புறம் வலி குறையும், கஞ்சி இறங்கும், நோயாளி "சரியாயிடுச்சு"ன்னு வீட்டுக்குப் போவார். தினக்கூலி வேலைன்னா உடனே வேலைக்கும் போயிடுவார். ஆனா உள்ளே தழும்பு அப்போதான் இறுக ஆரம்பிக்கும். மூணாவது வாரத்தில் இருந்து இரண்டு மாதத்துக்குள்ள, சோறு சிக்கும். "திரும்ப வாங்க"ன்னு டாக்டர் சொன்ன தேதி எவ்வளவு முக்கியம்னு அப்போதான் தெரியும்.

சுருங்கின குழாயை விரிக்க டாக்டர்கள் பயன்படுத்தும் நீளமான வளையும் குச்சிக்கு "பூஜி"ன்னு பேர். பிரெஞ்சு மொழியில் மெழுகுவர்த்தின்னு அர்த்தம். அல்ஜீரியாவில் பெஜாயான்னு ஒரு துறைமுகம், பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பூஜின்னு சொல்வாங்க. அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்கு மெழுகு போச்சு, ஊர்ப் பேரே மெழுகுவர்த்திக்கும் பேராச்சு. பழைய காலத்தில் மெழுகால் செய்த குச்சியைத்தான் உள்ளே விடுவாங்க. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1674-ல் எழுதின குறிப்பில், சாப்பாடு இறங்காத ஒருவருக்குத் திமிங்கல எலும்பின் நுனியில் பஞ்சுக் கடற்காளானைக் கட்டிக் கொடுத்த கதை இருக்கு. ஒவ்வொரு வேளையும் அந்த மனுஷன் தானே அதைத் தொண்டைக்குள்ள விட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் பல வருஷம் வாழ்ந்தார்.

இப்போ முறை மாறிடுச்சு. எண்டோஸ்கோப்பி வழியா மெல்லிய கம்பியை விட்டு, அதன் மேல் குச்சியை ஏத்துவாங்க, இல்லைன்னா பலூனை ஊதுவாங்க. ஒரே நாளில் பெரிசாக்க முடியாது. அவசரப்பட்டா குழாய் கிழிஞ்சிடும். ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டர்தான். அதனால திரும்பத் திரும்ப வரணும். சிலருக்கு மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், கூட வர்றவங்க கூலியும் போகும்.

விரிக்கவே முடியாதவங்களுக்கு அறுவை சிகிச்சை. பெருங்குடலில் ஒரு பகுதியை ரத்த ஓட்டம் கெடாம எடுத்து, மார்பெலும்புக்குப் பின்னாடி மேலே கொண்டுபோய் கழுத்தில் இணைக்கிறது. பெருங்குடலை இப்படிப் பயன்படுத்தலாம் என்ற யோசனை 1911-லேயே ஐரோப்பாவில் வந்துடுச்சு. ஆசிட் குடிச்சவங்களுக்கு இரைப்பையும் கெட்டிருக்கும் என்பதால் பல நேரம் பெருங்குடல்தான் கை கொடுக்கும். தமிழ்நாட்டில் இந்த மாதிரி வேலைகளுக்குத் தனித் துறையே வேணும்னு நினைச்சவர் என். ரங்கபாஷ்யம். சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைத் துறையை உருவாக்கியவர். 2002-ல் பத்மபூஷண் வாங்கினார், 2013-ல் மறைந்தார். சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை இலவசமாக் கிடைக்கிறதுக்குப் பின்னால அந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கு.

அதுவரைக்கும் நோயாளி எப்படிச் சாப்பிடுவார்? வயிற்றில் சின்னத் துளை போட்டு, இரைப்பையிலோ சிறுகுடலிலோ ஒரு டியூப் வைப்பாங்க. பால், கஞ்சித் தண்ணி எல்லாம் அது வழியாப் போகும். உயிர் நிக்கும், ஆனா நாக்குக்கு ஒண்ணும் கிடைக்காது. 1895-ல் நியூயார்க்கில் டாம்னு ஒன்பது வயசுப் பையன் கொதிக்கக் கொதிக்க சூப்பை விழுங்கிக் குழாய் மூடிப்போச்சு. வயிற்றில் துளை வச்சுத்தான் வாழ்ந்தான். ஆனா சாப்பாட்டை முதல்ல வாயில போட்டு நல்லா மெல்லுவான், அப்புறம் புனல் வழியா வயிற்றுக்குள்ள போடுவான். பல வருஷம் கழிச்சு டாக்டர்கள் அவரை வச்சு இரைப்பை எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ந்து 1943-ல் புத்தகமே போட்டாங்க. எனக்கு அந்த ஆராய்ச்சியை விட, மென்னு ருசிச்சுட்டுப் புனலைத் தேடின அந்தப் பையன்தான் மனசுல நிக்கிறான்.

கஞ்சின்னு சொன்னதும் வடசென்னைக்காரங்களுக்கு ஒரு இடம் ஞாபகம் வரும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஆளுங்க இன்னிக்கும் அதைக் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி"ன்னுதான் சொல்வாங்க. 1782 பஞ்ச காலத்தில் பசியோட நகரத்துக்கு வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரம் அது. 1799-ல் அங்கே மருத்துவமனை வந்தது. 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆச்சு. பசிச்சவனுக்குக் கஞ்சி கொடுக்க ஆரம்பிச்ச இடத்துக்கு, கஞ்சி மட்டுமே இறங்கும் மனுஷங்க இன்னிக்கும் வர்றாங்க.

கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே

அவங்க வர்ற பாதையில ஒண்ணுதான் கும்மிடிப்பூண்டி லைன். கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர். சென்னையின் கனரகத் தொழில் இந்த ரயில் பாதையை ஒட்டித்தான் வளர்ந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குற ஆலைகள், உருட்டாலைகள், ரசாயன யூனிட்டுகள். இரும்போட துருவை எடுக்க ஆசிட் தொட்டியில் முக்குறது உலோகத் தொழிலில் சகஜம். தமிழும் ஒடியாவும் இந்தியும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர் அது. 2022-ல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது இந்த மாவட்டத்துக்குப் பெரிய ஆறுதல். அதுக்கு முன்னாடி பெரிய சிகிச்சைன்னா சென்னைதான்.

இப்போ சட்டத்தைப் பாருங்க. 1984-ல் போபால் நடந்தது. அதன் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழே 1989-ல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள். உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. ரசாயனம் வைக்கும் கலனில் உள்ளே என்ன இருக்கு, யார் தயாரிச்சது, என்ன ஆபத்துன்னு எழுதியிருக்கணும். பாதுகாப்புக் குறிப்பேடு இருக்கணும். சண்டிகர் டாக்டர்கள் ஆசிட் குடித்தவர்களைப் பற்றி எழுதின அதே 1989.

ஆக, விதிப்படி ஆலை கேட்டுக்கு உள்ளே ஆசிட்டுக்குப் பேர் இருக்கு, முகவரி இருக்கு, எச்சரிக்கை இருக்கு. ஆசிட் கேனில் ஏறி, வியாபாரி கைக்கு மாறி, தண்ணீர் கலந்து, காலி தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க் பாட்டிலிலோ ஊத்தப்பட்டு ஒரு வீட்டுக்குள்ள நுழையும்போது, அதுக்குப் பேரே இல்லை. பாட்டில் மேல ஏதாவது எழுதியிருந்தா, அது தண்ணி கம்பெனி பேரு.

எங்க தொழிலில் இதை மோசமான டிசைன்னு சொல்வோம். ஒரு பட்டனைப் பார்த்ததும் கை தானாப் போகுது, ஆனா அது செய்யும் வேலை வேறன்னா, தப்பு பண்ணினது பயனர் இல்லை, பட்டனை அப்படி வச்சவர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் என்பது உலகத்துக்கே தெரிஞ்ச பட்டன். ராத்திரி கரண்ட் போன நேரத்தில், ஷிப்ட் முடிஞ்சு வந்த களைப்பில், கை போகும். குழந்தை கைக்குச் சொல்லவே வேணாம்.

எறிந்த கையைப் பார்த்த சட்டம்

நம்ம நாட்டில் ஆசிட் விற்பனை பற்றிப் பெரிய உத்தரவு வந்தது 2013 ஜூலை 18 அன்று. லட்சுமி என்ற பெண் 2006-ல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. சிறுமியா இருக்கும்போதே டெல்லியில் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர் அவர். அதே 2013-ல் தமிழ்நாடும் கொதிச்சுக்கிட்டு இருந்தது. காரைக்காலில் ஆசிட் வீச்சுக்கு ஆளான இளம் பெண் இன்ஜினியர் மூணு மாதம் போராடி, அந்த வருஷம் பிப்ரவரியில் சென்னையில் இறந்துபோனார்.

உத்தரவு சொன்னது இது. விற்பவர் பதிவேடு வைக்கணும். வாங்குபவர் பெயர், முகவரி, அளவு எழுதணும். அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை காட்டணும், எதுக்கு வாங்குறோம்னு சொல்லணும். பதினெட்டு வயசுக்குக் கீழே விற்கக் கூடாது. கையிருப்பைக் கோட்ட அளவிலான நிர்வாக நடுவரிடம் பதினைந்து நாளுக்குள்ள அறிவிக்கணும். மீறினா ஐம்பதாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். 1919-ம் ஆண்டின் விஷப் பொருட்கள் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் விதிகளை உருவாக்கணும்.

அவசியமான உத்தரவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனா அது யாரைத் தேடுதுன்னு கவனிங்க. வீசப்போகிற கையைத் தேடுது. வாங்கினது யார்னு கேட்குது. வாங்கின பிறகு அந்தத் திரவம் எந்தப் பாட்டிலில், எந்த அலமாரியில், யார் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்குன்னு அதன் மைய விதிகள் கேட்கலை. பதிவேட்டில் பேர் எழுதிட்டு வாங்கின நல்ல குடும்பத்துக்குள்ளேயும் அடுத்த நாள் இந்த விபத்து நடக்கலாம்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாகணும். ஆசிட் குடித்து வரும் பெரியவர்களில் பலர், தவறுதலாகக் குடித்தவங்க இல்லை. ஒரு சண்டை, ஒரு கடன், ஒரு அவமானம், கையெட்டும் தூரத்தில் ஒரு பாட்டில். அந்தச் சில நிமிஷம் கடந்திருந்தா அவங்களில் பலர் அதைச் செய்திருக்க மாட்டாங்க. "சாக நினைக்கிறவங்களைத் தடுக்க முடியாது"ன்னு சிலர் சொல்வாங்க. இலங்கையைப் பாருங்க. 1995-ல் அதிக நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளையும், 1998-ல் எண்டோசல்ஃபானையும் அங்கே தடை செஞ்சாங்க. 1995-க்கும் 2005-க்கும் இடையில் நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைஞ்சது. போர் முடியலை, வறுமை தீரலை. கையெட்டும் தூரத்தில் இருந்த பொருள் மாறினது. அது போதுமா இருந்தது, பல ஆயிரம் பேருக்கு.

அதனாலதான் ஜாக்சனை மனசுல வச்சுக்கச் சொன்னேன். குழாயை விரிக்கும் கலை மெழுகுவர்த்தியில் இருந்து பலூன் வரைக்கும் வளர்ந்திருக்கு. பெருங்குடலைக் கழுத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்கு நம்ம டாக்டர்கள் கைதேர்ந்தவங்க. காயத்தை அளக்கும் உலக அளவுகோலே நம்ம நாட்டில் பிறந்தது. ஆனா வரிசை நீளுமா, குறையுமான்னு முடிவு பண்றது ஆபரேஷன் தியேட்டர் இல்லை. பாட்டிலும் மூடியும் லேபிளும்தான். 1927-ல் ஒரு டாக்டர் கேட்டு வாங்கினதை, நம்ம தெருவில் விற்கும் பாட்டிலுக்கு நாம இன்னும் கேட்டு வாங்கலை.

முடிக்கிறதுக்கு முன்னாடி கைக்கு உதவுற சில விஷயம். வீட்டில் ஆசிட்டோ காஸ்டிக் சோடாவோ இருந்தா, எதுக்கும் தண்ணீர், ஜூஸ் பாட்டிலில் ஊத்தி வைக்காதீங்க. நல்ல வழி, அதை வாங்காமலே இருக்கிறது. கறை போக வேறு பொருள் கிடைக்கும்.

யாராவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, முட்டை எதுவும் கொடுக்காதீங்க. உள்ளே போகும்போது ஒரு தடவை சுட்டது, வெளியே வரும்போது இன்னொரு தடவை சுடும். ஆசிட்டை முறிக்கக் காரமோ, காரத்தை முறிக்க எலுமிச்சையோ கொடுக்காதீங்க, அந்தச் சேர்க்கையே சூடு உண்டாக்கும். வாயை மட்டும் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க. 108-க்குக் கூப்பிடுங்க. அந்தப் பாட்டிலைக் கூடவே எடுத்துட்டுப் போங்க. பிழைச்ச பிறகு சாப்பாடு இறங்குதுன்னு நினைச்சு அடுத்த தேதியைத் தவறவிடாதீங்க.

மனசு கனத்து உண்மையிலேயே சோறு இறங்காத நாள் உங்களுக்கு இருந்தா, 14416 டெலி மானஸ், இல்லைன்னா தமிழ்நாடு அரசின் 104. இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். பக்கத்தில் இருக்கும் ஒரு ஆளிடம் சொல்றதும் அதே அளவுக்கு நல்லது.

இந்த எபிசோடை ஒருத்தருக்கு அனுப்பணும்னு தோணினா, வீட்டில் பாத்ரூம் கழுவுறவங்களுக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு, நம்ம வீட்டு பாத்ரூம் அலமாரியையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுவோம்.